பெயர் கிடைக்காதபோது வீட்டைத் தேடுங்கள்: பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் முகவரி வழியே செல்லும் முறை

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வாழ்ந்த ஒருவரைப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் தேடத் தொடங்குகிறவர் முதலில் செய்வது, ஒரு வலைத்தளத்தின் தேடல் கட்டத்தில் அவருடைய பெயரை உள்ளிடுவதுதான். பெயர் அகப்பட்டுவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அகப்படாதபோது, அந்த ஆண்டில் அவர் கணக்கெடுக்கப்படவே இல்லை என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அந்த எண்ணம் தவறு. அவர் ஏட்டில் இருப்பார். அவருடைய பெயரைக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அல்லது நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கையெழுத்தைப் படித்தவர் வேறு விதமாகப் படித்திருப்பார். அந்த நிலையில் நமக்கு உதவக்கூடியது அவர் வாழ்ந்த வீட்டின் முகவரி.

முகவரி வழியாகத் தேடுவதை, பெயர்த் தேடல் தோற்றபின் கையிலெடுக்கும் மாற்று வழி என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஏடுகள் எழுதப்பட்ட முறைக்கு மிக நெருக்கமான வழி இதுதான். கணக்கெடுப்புக்காக நாடு முழுவதும் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கணக்கெடுப்பாளர் அமர்த்தப்பட்டார். அவர் ஒரு மூலையில் தொடங்கி, வீடு வீடாக நடந்து, நடந்த வரிசையிலேயே விவரங்களைப் பதிவு செய்தார். ஆகவே ஏட்டின் பக்கங்கள் ஒரு மனிதர் நடந்த பாதையின் வரிசையில் அமைந்திருக்கின்றன. அகர வரிசைக்கு அங்கே இடமில்லை. நாம் இன்று பயன்படுத்தும் பெயரடைவு அந்தப் பாதையின்மேல் பிற்காலத்தில் ஏற்றிவைக்கப்பட்ட ஒரு சேர்க்கை. அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏடுகள் 2012 ஏப்ரல் 2 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது பெயரடைவு என்ற ஒன்றே இல்லை. தன்னார்வலர்கள் பல மாதங்கள் உழைத்து அதை உருவாக்கி முடிக்கும்வரை, குடும்பத்தாரைக் கண்டுபிடிக்க விரும்பிய ஒவ்வொருவரும் அவர்கள் வாழ்ந்த தெருவைத் தெரிந்துகொண்டுதான் ஏட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது.

இந்தத் தேடல் இன்னொரு வகையினருக்கும் பயன்படும். ஒரு குறிப்பிட்ட வீட்டின் வரலாற்றை எழுத விரும்புகிறவருக்கு அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் முன்கூட்டித் தெரிந்திருக்காது. தெரிந்தது வீட்டு எண்ணும் தெருவின் பெயரும் மட்டுமே. அவருக்கு முகவரி ஒன்றுதான் வாசல்.

எந்த ஆண்டு ஏடுகள் பார்வைக்குக் கிடைக்கின்றன

அமெரிக்காவில் கணக்கெடுப்பு 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. தனிமனிதர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படுகின்றன; அதனால் இப்போது பார்வைக்குக் கிடைக்கும் கடைசி ஏடுகள் 1950ஆம் ஆண்டுக்குரியவை, 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டவை. முகவரித் தேடலுக்கு முக்கியமான ஆண்டு 1880. தெருவின் பெயரும் வீட்டு எண்ணும் ஏட்டில் எழுதப்பட்டது அந்த ஆண்டிலிருந்துதான். அதற்கு முந்தைய ஏடுகளில் நகரம், வார்டு, ஊர் என்ற அளவில்தான் இடம் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், அவற்றில் முகவரியைத் தேடிப் பயனில்லை. 1890ஆம் ஆண்டு ஏடுகள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் சேதமுற்று, பின்னர் ஏறத்தாழ முழுவதுமாக அழிந்துபோயின. எனவே 1880க்கும் 1900க்கும் இடையே இருபது ஆண்டு இடைவெளி உண்டு. அதை நிரப்ப நகர முகவரி ஏடுகளைத்தான் நாட வேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் 1841 முதல் 1921 வரையிலான ஏடுகள் பார்வைக்குக் கிடைக்கின்றன. அங்கே மறைவுக் காலம் நூறு ஆண்டுகள். அடுத்து வர வேண்டிய 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942 டிசம்பரில் மிடில்செக்ஸின் ஹேய்ஸ் என்ற இடத்தில் பற்றிய தீயில் எரிந்துவிட்டன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1921க்குப் பிறகு 1951 வரை கணக்கெடுப்பு ஏடு எதுவும் இல்லாத இந்த நெடிய வெற்றிடத்தில், 1939 செப்டம்பர் 29 அன்று போர்க்கால அடையாள அட்டைகளுக்காக எடுக்கப்பட்ட பதிவேடு ஒன்று மட்டும் நமக்குத் துணையாக நிற்கிறது. அது கணக்கெடுப்பு ஏடு அன்று. ஆனாலும் முகவரி வரிசையிலேயே எழுதப்பட்டிருப்பதால் வீட்டைத் தேடுகிறவர்களுக்கு மிகவும் பயன்படுகிறது. பிறந்து நூறு ஆண்டு நிறையாத, இறந்தது உறுதிசெய்யப்படாத நபர்களின் வரிகள் அதில் மறைக்கப்பட்டிருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

முகவரியை முதலில் உறுதிசெய்தல்

தேடலுக்கு முன் கையில் இருக்க வேண்டியது, கணக்கெடுப்பு நாளுக்கு இயன்றவரை நெருக்கமான காலத்தைச் சேர்ந்த ஒரு முகவரி. 1910இல் கிடைத்த முகவரியை வைத்து 1920ஆம் ஆண்டு ஏட்டில் தேடுவது பெரும்பாலும் வீண் உழைப்பாகிவிடும். நகரங்களில் வாடகைக்குக் குடியிருந்த குடும்பங்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாற்றிக்கொண்டிருந்தது அந்நாளில் சாதாரணம். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், உறையோடு பத்திரப்படுத்தப்பட்ட கடிதங்கள், குடியுரிமை விண்ணப்பங்கள், கப்பல் பயணிகள் பட்டியலில் காணப்படும் உறவினர் முகவரி, அமெரிக்காவில் 1917, 1918ஆம் ஆண்டுகளிலும் 1940களின் தொடக்கத்திலும் நிரப்பப்பட்ட படைச்சேர்ப்புப் பதிவு அட்டைகள் ஆகியவை நல்ல மூலங்கள். இவற்றையெல்லாம்விட எளிதாகக் கைக்கு எட்டுவது நகர முகவரி ஏடு. தொலைபேசி ஏட்டுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க அந்த நூல்கள் பல நகரங்களில் ஆண்டுதோறும் வெளியிடப்பட்டன. குடும்பத் தலைவரின் பெயர், தொழில், வீட்டு முகவரி ஆகியவை அவற்றில் இருக்கும். கணக்கெடுப்பு ஆண்டின் ஏட்டோடு, அதற்கு முந்தைய ஆண்டின் ஏட்டையும் பிந்தைய ஆண்டின் ஏட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒரே முகவரி இருந்தால் நம்பிக்கையோடு தேடலாம். நடு ஆண்டில் முகவரி மாறியிருந்தால், கணக்கெடுப்பு நாளில் அவர்கள் எந்த வீட்டில் இருந்தார்கள் என்ற கேள்வி எழும். அப்போது இரண்டு வீடுகளையும் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நாளைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 1880இலும் 1900இலும் கணக்கெடுப்பு நாள் ஜூன் 1. 1910இல் ஏப்ரல் 15. 1920இல் ஜனவரி 1. 1930, 1940, 1950 ஆகிய ஆண்டுகளில் ஏப்ரல் 1. கணக்கெடுப்பாளர் சில வாரங்கள் கழித்து வந்தாலும் அந்த நாளின் நிலவரத்தையே எழுத வேண்டும் என்பது விதி. மேலும், அமெரிக்காவில் ஒருவர் வழக்கமாக வசிக்கும் வீட்டில் அவரைக் கணக்கில் சேர்த்தார்கள். இங்கிலாந்தில் கணக்கெடுப்பு இரவன்று அவர் எந்த வீட்டில் தங்கியிருந்தாரோ அங்கே சேர்த்தார்கள். இந்த வேறுபாடு முகவரித் தேடலில் நேரடியாகக் குறுக்கிடும். இங்கிலாந்தில் சரியான வீட்டைக் கண்டுபிடித்தும் அங்கே தந்தையைக் காணவில்லை என்றால், அவர் குடும்பத்தைப் பிரிந்துவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அன்றிரவு அவர் வேறு ஊரில் விருந்தினராகவோ, கப்பலிலோ, மருத்துவமனையிலோ இருந்திருக்கக்கூடும்.

வட்டாரத்தைக் கண்டறிதல்: அமெரிக்க முறை

முகவரி உறுதியானதும் அடுத்த வேலை, அந்த முகவரி எந்தக் கணக்கெடுப்பு வட்டாரத்துக்குள் வருகிறது என்பதைக் கண்டறிவது. இந்த ஒரு கருத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கணக்கெடுப்பு வட்டாரம் என்பது ஒரு கணக்கெடுப்பாளர் குறித்த காலத்துக்குள் நடந்து முடிக்கக்கூடிய நிலப்பரப்பு. 1940இல் நகரத்து வட்டாரத்தை இரண்டு வாரத்திலும் கிராமப்புற வட்டாரத்தை ஒரு மாதத்திலும் முடிக்க வேண்டும் என்ற கணக்கில் அவை வகுக்கப்பட்டன. நெரிசலான நகரப் பகுதியில் ஒரு வட்டாரம் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும். மக்கள் அடர்த்தி குறைந்த பகுதியில் பல மைல்களுக்குப் பரந்து கிடக்கும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் எண் உண்டு. 1940, 1950 ஆகிய ஆண்டுகளில் அந்த எண் நடுவே சிறு கோடிட்ட இரண்டு பகுதிகளாக இருக்கும். முன்பகுதி மாநிலத்தின் உட்பிரிவான கவுண்டியையோ பெருநகரத்தையோ குறிக்கும், பின்பகுதி அதற்குள் இருக்கும் வட்டாரத்தைக் குறிக்கும். வட்டாரங்களின் எல்லைகள் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் மாற்றி வரையப்பட்டன. ஆகையால் 1930ஆம் ஆண்டின் வட்டார எண்ணை 1940ஆம் ஆண்டு ஏட்டில் தேடக்கூடாது.

வட்டார எண்ணைக் கண்டறிய இரண்டு வழிகள் உள்ளன. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் வட்டாரங்களின் எல்லை விளக்கங்களையும், எல்லைகள் வரையப்பட்ட வரைபடங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. பொறுமை உள்ளவர்கள் அவற்றை நேரடியாகப் படிக்கலாம். மற்றொன்று, ஸ்டீபன் மோர்ஸ், ஜோயல் வைன்ட்ராப் ஆகிய இருவர் தன்னார்வலர்களின் துணையோடு உருவாக்கி, கட்டணமின்றி வழங்கும் ஒன்-ஸ்டெப் என்ற வலைத்தளம். இன்டெல் நிறுவனத்தின் 8086 கணிப்பொறிச் சில்லை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான மோர்ஸ், இந்த வேலையைத் தம் சொந்த ஆர்வத்தால் செய்துவைத்தார் என்பது பாராட்டுக்குரியது. அங்கே ஆண்டு, மாநிலம், நகரம், தெரு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தெரு கடந்துசெல்லும் எல்லா வட்டாரங்களின் எண்களும் தெரியும். நீண்ட தெருவாக இருந்தால் எண்கள் பல வரும். அப்போது நம் வீடு அமைந்த சதுக்கத்தைச் சுற்றியுள்ள மற்ற மூன்று தெருக்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சேர்க்கப் பட்டியல் சுருங்கி, ஓர் எண்ணோ இரண்டு எண்களோ மிஞ்சும். சுற்றுத் தெருக்களை அறிய இன்றைய வரைபடமே பெரும்பாலும் போதும். நெடுஞ்சாலைக்காகவோ பெருங்கட்டடங்களுக்காகவோ அப்பகுதி இடிக்கப்பட்டிருந்தால் மட்டும் பழைய வரைபடம் தேவைப்படும். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சான்போர்ன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்கள், ஒவ்வொரு கட்டடத்தின் உருவத்தையும் பல இடங்களில் வீட்டு எண்ணையும் காட்டுபவை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பெருந்தொகையாகக் கிடைக்கின்றன.

வட்டார எண் கைக்கு வந்தபின், அந்த வட்டாரத்தின் எல்லாப் பக்கங்களையும் வரிசையாகத் திறந்து பார்க்கலாம். 1950ஆம் ஆண்டு ஏடுகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் தனித் தளமே நடத்துகிறது. மற்ற ஆண்டுகளுக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் மாநிலம், கவுண்டி, வட்டாரம் என்ற படிநிலையில் உலாவ முடியும். ஒரு வட்டாரத்துக்கு இருபது, முப்பது, சில வேளைகளில் நாற்பது பக்கங்கள் இருக்கும். அரை மணி நேர உழைப்பில் முடிந்துவிடக்கூடிய வேலைதான்.

பக்கத்தை வாசிக்கும்போது ஏமாற்றும் எண்கள்

புதியவர்கள் மிகுதியாக இடறி விழும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1880 முதல் 1940 வரையிலான அமெரிக்க ஏட்டின் பக்கத்தைத் திறந்தால், இடது ஓரத்தில் தெருவின் பெயர் நெடுக்குவாட்டில், கழுத்தைச் சாய்த்துப் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கும். அதற்கு அடுத்து வீட்டு எண் நிற்கும். அதையொட்டி, 1930 வரையிலான ஏடுகளில், மேலும் இரண்டு எண்கள் நிற்கும்: ஒன்று, கணக்கெடுப்பாளர் சென்ற வரிசையில் அந்தக் கட்டடம் எத்தனையாவது என்பது, மற்றொன்று, குடும்பம் எத்தனையாவது என்பது. இந்த வரிசை எண்களுக்கும் தெருவில் வீட்டுக் கதவின்மேல் இருந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 112 என்ற வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, "எங்கள் தாத்தா 112ஆம் எண் வீட்டில் இருந்தார்" என்று எழுதிவைப்பவர்கள் ஏராளம். வீட்டு எண்ணுக்குரிய பத்தி காலியாகக் கிடக்கும் கிராமப்புற ஏடுகளில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நேர்ந்துவிடும். எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடைவெளியின்றி ஏறிக்கொண்டே போனால், அவை வரிசை எண்கள் என்று கொள்ளலாம்.

இங்கிலாந்து ஏடுகளிலும் இதே பொறி உண்டு. 1851 முதல் 1901 வரையிலான ஏடுகளில் முதல் பத்தியில் இருப்பது, குடும்பத்துக்குக் கொடுத்த படிவத்தின் எண். முகவரி அதற்கு அடுத்த பத்தியில்தான் தொடங்கும். அயர்லாந்தின் 1901, 1911ஆம் ஆண்டு ஏடுகளிலும் வீட்டுக்கு நேரே காணப்படும் எண் கணக்கெடுப்புப் பணியில் இட்ட எண்ணாக இருக்கலாமே தவிர, அஞ்சல் முகவரியின் எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நடந்த பாதையையும் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். அமெரிக்க நகரங்களில், ஒரு சதுக்கத்தைச் சுற்றி முடித்துவிட்டு அடுத்த சதுக்கத்துக்குச் செல்லுமாறு கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவர் நம் தெருவின் ஒரு பக்கத்தில் நடந்து, மூலையில் திரும்பி, அடுத்த தெருவுக்குள் போய்விடுவார். எதிர்ப்பக்கத்து வீடுகள் வேறொரு சதுக்கத்தைச் சேர்ந்தவை. ஆகவே பல பக்கங்கள் தள்ளி வரும். அத்துடன், வட்டார எல்லை பெரும்பாலும் தெருவின் நடுவே ஓடும். ஒற்றைப்படை எண் வீடுகள் ஒரு வட்டாரத்திலும் இரட்டைப்படை எண் வீடுகள் மற்றொரு வட்டாரத்திலும் இருப்பது மிகவும் வழக்கமானது. தெருவின் பெயரைப் பார்த்துவிட்டு நம் எண் இல்லையே என்று மனம் தளர்வதற்கு முன், எதிர்ச்சாரி எந்த வட்டாரத்தில் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். மூலை வீடுகள் தனிச் சிக்கல்: அஞ்சல் முகவரி ஒரு தெருவிலும், கணக்கெடுப்பாளர் தட்டிய கதவு குறுக்குத் தெருவிலும் இருக்கலாம்.

வட்டாரத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்க்காமல் ஏட்டை மூடிவிடக்கூடாது. முதல் முறை சென்றபோது வீட்டில் ஆள் இல்லையென்றால், கணக்கெடுப்பாளர் மறுமுறை சென்று, அவர்களைத் தனித் தாள்களில் எழுதினார். 1940இல் அத்தகைய தாள்கள் 61ஆம் எண்ணிலிருந்து தொடங்குகின்றன. விடுதிகளில் தற்காலிகமாகத் தங்கியிருந்தவர்களுக்கு 81ஆம் எண்ணிலிருந்து. 1950இல் விடுபட்டவர்களுக்கான தாள்கள் 71ஆம் எண்ணில் தொடங்கும். அந்த ஏட்டில் வீடு வரவேண்டிய இடத்திலேயே, 71ஆம் தாளில் பார்க்கவும் என்ற குறிப்பும் பல நேரம் காணப்படும்.

ஒரு வீட்டின் கதையைத் தொடர்கிறவர்களுக்கு 1940ஆம் ஆண்டு ஏட்டில் ஒரு சிறப்பு உண்டு. 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே வசித்தீர்கள் என்ற கேள்வி அதில் கேட்கப்பட்டது. அதே வீட்டில் இருந்தவர்களுக்கு அதே வீடு என்று எழுதப்பட்டது. ஆகையால் ஒரே பக்கத்திலிருந்து ஐந்து ஆண்டுக் குடியிருப்பை நாம் அறிந்துகொள்கிறோம். வாடகை எவ்வளவு, சொந்த வீடானால் மதிப்பு எவ்வளவு என்பதும் அதே வரியில் இருக்கும்.

இங்கிலாந்து ஏடுகளில் தேடுதல்

இங்கிலாந்தில் முறை சற்று வேறு. கணக்கெடுப்பாளர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டு, கணக்கெடுப்பு இரவுக்குப் பிறகு திரும்பப் பெற்று, விவரங்களைத் தம் ஏட்டில் படியெடுத்தார். 1841 முதல் 1901 வரை நாம் பார்ப்பது அந்தப் படியெடுப்பு ஏடுகளைத்தான். குடும்பத்தார் தம் கையால் நிரப்பிய படிவங்கள் 1911 முதல்தான் பாதுகாக்கப்பட்டன. படியெடுப்பில் பிழை நுழைய ஒரு வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பதே பெயர்களை மட்டும் நம்பாமல் முகவரியையும் பார்க்கச் சொல்வதற்கு நல்ல காரணம்.

அந்த ஏடு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் வட்டாரத்தின் எல்லையும், அதில் அடங்கிய தெருக்களும் விவரிக்கப்பட்டிருக்கும். இந்த முன்பக்கத்தைப் பெயர்த் தேடலில் வருகிறவர்கள் ஒருபோதும் பார்ப்பதில்லை. முகவரி வழியே வருகிறவர்களுக்கு அதுதான் வழிகாட்டிப் பலகை. ஃபைண்ட்மைபாஸ்ட், தி ஜீனியாலஜிஸ்ட் போன்ற கட்டணத் தளங்களில் தெருவின் பெயரை இட்டு நேரடியாகத் தேடும் வசதி உள்ளது. அங்கே ஒரு நடைமுறை அறிவுரை: தெரு என்ற சொல்லையும் வீட்டு எண்ணையும் விட்டுவிட்டு, தெருப் பெயரின் சிறப்புப் பகுதியை மட்டும், ஊரின் பெயரோடு இட்டுத் தொடங்குங்கள். சாலை, தெரு, சந்து என்ற சொற்களைக் கணக்கெடுப்பாளர்கள் சுருக்கியும் மாற்றியும் எழுதினார்கள். முழு முகவரியை அச்சொட்டாகக் கேட்டால் கிடைக்க வேண்டியதும் நழுவிவிடும்.

1841ஆம் ஆண்டு ஏடுகளில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. அவை பென்சிலால் எழுதப்பட்டவை, பல பக்கங்கள் மங்கிவிட்டன. பல இடங்களில் தெருப் பெயரோடு நின்றுவிடுகிறார்கள், வீட்டு எண் இல்லை. கிராமப்புறங்களில் அதற்குப் பின்னரும் இதே நிலைதான்: ஊரின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் இன்றும் நிற்கக்கூடிய அடையாளக் கட்டடங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதிரியார் இல்லம், மதுவிடுதி, ஆலை, பெரிய பண்ணை ஆகியவை ஏட்டில் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பிரிட்டனின் அரசு நிலஅளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடத்தில் குறித்துக்கொண்டு, இரண்டு அடையாளங்களுக்கு இடையே எத்தனை குடும்பங்கள் வருகின்றன என்று எண்ணினால், நாம் தேடும் குடிசை ஏறக்குறைய எங்கே நின்றது என்று ஊகிக்க முடியும். ஸ்காட்லாந்துத் தேசிய நூலகம் இந்த வரைபடங்களை, இங்கிலாந்துக்கும் சேர்த்து, இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்க்கும்படி இலவசமாக வழங்குகிறது. இது ஊகம்தான் என்பதை மறக்கக்கூடாது. கணக்கெடுப்பாளர் சாலையின் ஒருபுறம் போய் மறுபுறம் திரும்பினாரா, மாறி மாறிக் கடந்தாரா என்பதை ஏடு சொல்வதில்லை.

ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள் வாழ்ந்த நகரப் பகுதிகளில், குடும்பங்களுக்கும் வீடுகளுக்கும் இடையே கணக்கெடுப்பாளர் இட்ட சாய்கோடுகளைக் கவனிக்க வேண்டும். ஒற்றைக் கோடு, அதே வீட்டுக்குள் அடுத்த குடும்பம் தொடங்குவதையும், இரட்டைக் கோடு அந்த வீடே முடிவதையும் காட்டும். இதைக் கவனியாதவர், மூன்று குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த ஒரு வீட்டை மூன்று வீடுகளாக எண்ணிவிடுவார். அந்தத் தெருவின் வாழ்க்கையைப் பற்றிய அவருடைய புரிதலே தவறிப்போகும்.

1911க்கு மட்டும் ஒரு கூடுதல் துணை உண்டு. குடும்பப் படிவங்களோடு, கணக்கெடுப்பாளர்களின் சுருக்க ஏடுகளும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவை தெரு வாரியாக ஒவ்வொரு கட்டடத்தையும், ஆள் குடியிராத கடைகளையும் தேவாலயங்களையும் காலி வீடுகளையும்கூட, வரிசைப்படுத்துகின்றன. ஒரு வீட்டின் வரலாற்றை எழுதுகிறவர் படிவத்தைக் காணாமல் தவிக்கும்போது, அந்த வீடு அன்று பூட்டிக் கிடந்தது என்ற விடையை இந்தச் சுருக்க ஏடு தரக்கூடும்.

தெருவும் எண்ணும் மாறிய இடங்கள்

சரியான முகவரி, சரியான வட்டாரம், இருந்தும் வீடு இல்லை என்றால், அந்த முகவரியே பிற்காலத்தில் மாறியதா என்று ஆராய வேண்டும். சிகாகோ நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1909 செப்டம்பர் 1 முதல் அந்நகரின் வீட்டு எண்கள் ஏறத்தாழ முழுவதும் மாற்றப்பட்டன. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, மைலுக்கு 800 எண்கள் என்ற கணக்கில் புதிய எண்கள் இடப்பட்டன. நகர மையப் பகுதி 1911இல் பின்தொடர்ந்தது. ஆகவே 1900ஆம் ஆண்டு ஏட்டில் உள்ள எண்ணைக் கொண்டு இன்றைய சிகாகோவில் போய் நின்றால், நாம் நிற்பது முற்றிலும் வேறொரு வீட்டின் முன்னால். நல்வாய்ப்பாக, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே தரும் மாற்று அட்டவணை அப்போதே அச்சிடப்பட்டது. அது இணையத்திலும் கிடைக்கிறது. லண்டனில் ஒரே பெயரில் பல தெருக்கள் இருந்ததால் நேர்ந்த குழப்பத்தைக் களைய, 1850களின் பிற்பகுதியிலிருந்து தெருப் பெயர்கள் மாற்றப்பட்டுவந்தன. 1930களின் இறுதியில் மேலும் ஒரு பெரும் மாற்றம் நடந்தது. பெயர் மாறிய தெருக்களில் வீட்டு எண்களும் சேர்ந்தே மாறியதுண்டு. எந்த நகரமானாலும், அந்நகரின் ஆவணக் காப்பகத்தில் தெருப் பெயர் மாற்றப் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாற்றுப் பட்டியல் கிடைக்காத ஊர்களில் நான் மிகவும் நம்பும் வழி, அண்டைவீட்டாரைப் பிடித்துக்கொள்வதுதான். நகர முகவரி ஏடுகள் பலவற்றில் தெரு வாரியான பகுதி ஒன்றும் இருக்கும். நம் வீட்டுக்கு இருபுறமும் யார் இருந்தார்கள், மூலைக்கடை யாருடையது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர்களில் அரிதான பெயர் கொண்டவரைத் தேர்ந்து, அவரைப் பெயரடைவில் தேடினால், அவருடைய பக்கம் கிடைக்கும். அங்கிருந்து முன்னும் பின்னும் சில வரிகள் நகர்ந்தால், பெயரடைவு தரமறுத்த நம் குடும்பம் அடையாளம் தெரியாத எழுத்துக்கூட்டலில் அங்கே இருக்கும். பெயர் எவ்வளவு சிதைந்திருந்தாலும், பிள்ளைகளின் வரிசை, வயது, பிறந்த இடம், தொழில் ஆகியவை சேர்ந்து அவர்களை அடையாளம் காட்டிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் காணவில்லை என்றால், அவர்கள் வீடல்லாத இடத்தில் இருந்தார்களா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைகள், சிறைகள், படைமுகாம்கள், அநாதை இல்லங்கள், கப்பல்கள் ஆகியவை தனியாகக் கணக்கெடுக்கப்பட்டன. பெரிய நிறுவனம் என்றால் அதற்கே தனி வட்டாரமோ தனி ஏடோ இருக்கும்.

கண்டுபிடித்தவுடன் அந்தப் பக்கத்தின் ஆவணக் குறியீட்டை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஏட்டுக்கு ஆண்டு, மாநிலம், கவுண்டி, வட்டார எண், தாள் எண், வரி எண் ஆகியவை போதும். இங்கிலாந்தில், தேசிய ஆவணக் காப்பகத்தின் தொடர் எண்ணை முதலில் எழுத வேண்டும்: 1841க்கும் 1851க்கும் எச்.ஓ. 107, 1861க்கு ஆர்.ஜி. 9, அதிலிருந்து ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஓர் எண் கூடி 1921க்கு ஆர்.ஜி. 15. அதன்பின், 1851 முதல் 1901 வரையிலான ஏடுகளுக்குத் தொகுப்பு எண், தாள்முத்திரை எண், பக்க எண் என்ற வரிசையில் எழுத வேண்டும். தாள்முத்திரை எண் வலப்பக்கத்தின் மேல்மூலையில் மட்டும் குத்தப்பட்டிருக்கும். அந்தத் தாளின் பின்புறத்துக்கும் அதே எண்தான். அச்சிட்ட பக்க எண் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்குவதால், அதை மட்டும் குறித்துக்கொண்டவர் அடுத்த முறை அதே வீட்டுக்கு வந்துசேர மாட்டார்.